கண்டிப்பான பள்ளியா, மாண்டிசோரியா, அரசுப் பள்ளியா: பிள்ளை எதற்குக் கீழ்ப்படியப் போகிறது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் பள்ளி தேடி அலையும் பெற்றோர், கட்டணத்துக்கு அடுத்தபடியாக விசாரிப்பது டிசிப்ளினைப் பற்றித்தான். "எங்க ஸ்கூல்ல அதுக்குக் குறையே இருக்காது" என்று பள்ளித் தரப்பில் பதில் வரும். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஒழுங்கு எப்படி வருகிறது, பிள்ளைகள் எதனால் சொன்ன பேச்சைக் கேட்கிறார்கள் என்று மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன் முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்பது என் எண்ணம்.

அமைதியாக இருக்கும் இரண்டு வகுப்பறைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் நாற்பது பிள்ளைகள் கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னொன்றில் ஒரு பிள்ளை பாயில் மணிகளை எண்ணுகிறது. இரண்டு பேர் சேர்ந்து தாழ்ந்த குரலில் ஓர் அட்டையை வாசிக்கிறார்கள். ஒருத்தி தண்ணீர் சிந்தாமல் ஊற்றிப் பழகுகிறாள். இரண்டு இடத்திலும் சத்தம் இல்லை. முதல் அறையில் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருப்பது ஆசிரியர் என்ன செய்துவிடுவாரோ என்ற நினைப்பு. இரண்டாவதில் அவர்களைப் பிடித்து வைத்திருப்பது கையில் இருக்கும் வேலை. வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும் பெற்றோருக்கு இரண்டும் டிசிப்ளின் என்றே தெரியும்.

கற்பிக்கும் முறை மாறினால் கீழ்ப்படிதலின் தன்மையும் மாறும். பயத்துக்குக் கீழ்ப்படியலாம், ஆசிரியர் மேலுள்ள மதிப்புக்குக் கீழ்ப்படியலாம், எல்லோரும் சேர்ந்து வைத்துக்கொண்ட விதிக்குக் கீழ்ப்படியலாம், செய்கிற வேலைக்கே கீழ்ப்படியலாம். எந்தப் பள்ளியிலும் இவை கலந்துதான் இருக்கும். ஆனால் ஏதாவது ஒன்றின் கை ஓங்கியிருக்கும். மூன்று வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைக்குத் தமிழ்நாட்டில் நம் முன்னால் இருக்கும் வழிகளை இந்தக் கேள்வியோடு பார்க்கலாம்.

கண்டிப்பான பள்ளி

ஆசிரியர் கரும்பலகை முன் நிற்பார். பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாக இருப்பார்கள். அவர் சொல்ல இவர்கள் திருப்பிச் சொல்வது, கேள்வி பதிலை நோட்டில் எழுதுவது, மறுநாள் ஒப்பிப்பது. நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் படித்து வந்தோம். இதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே ஆசிரியர் நாற்பது ஐம்பது பேரை வைத்துக்கொண்டு பாடத்தை முடிக்க வேண்டுமென்றால் இதைவிடச் செலவு குறைந்த வழி கிடையாது. வாய்ப்பாடும் எழுத்துப் பயிற்சியும் நன்றாகவே படியும். தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதும் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும். வீட்டில் குழப்பம் மிகுந்த சில பிள்ளைகளுக்கு அந்தத் தெளிவே பெரிய ஆறுதல்.

சரி, ஆசிரியர் வெளியே போனதும் என்ன நடக்கிறது? 1930களின் கடைசியில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் ஆகியோர் இதைத்தான் பார்த்தார்கள். பத்து வயதுப் பையன்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். சில குழுக்களுக்கு எல்லாவற்றையும் கட்டளையாகச் சொல்லும் தலைவர். சில குழுக்களுக்குக் கலந்து பேசி வேலையைப் பிரித்துக்கொள்ள உதவும் தலைவர். மற்றவற்றுக்கு எதிலும் தலையிடாமல் சும்மா இருக்கும் தலைவர். கட்டளையிடுபவரின் கீழ் அடங்கிப்போன பையன்கள், அவர் அறையில் இருக்கும்வரை கிட்டத்தட்ட முக்கால் பங்கு நேரத்தை வேலையில் செலவிட்டார்கள். அவர் வெளியே போனதும் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. கலந்து பேசும் தலைவரின் குழுவில் வேலை நேரம் பாதி அளவுதான். ஆனால் அவர் வெளியே போன பிறகும் அது பெரிதாகக் குறையவில்லை. சும்மா இருந்த தலைவரின் குழு, அவர் அறையில் இருந்த நேரத்தில் எல்லோரையும்விடக் குறைவாகவே வேலை செய்தது.

இந்த முடிவை நம்மூர் ஆசிரியர்கள் எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே அறிவார்கள். அதனால்தான் சார் வெளியே கிளம்பும்போது லீடரைக் கரும்பலகை முன் நிறுத்திவிட்டுப் போகிறார். பேசுகிறவர்கள் பெயரை அவன் எழுத வேண்டும். சிலர் பெயருக்குப் பக்கத்தில் 'மிகவும் அடங்கவில்லை' என்று சேர்க்க வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்கு உதவிய மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையின் வாரிசு இந்த லீடர். 1789 முதல் சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவர்களை வைத்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் முறையை அங்கே வளர்த்தெடுத்தார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே பரவியது. அங்கே மூத்த மாணவனின் முதல் வேலை கற்பிப்பது. இன்றைய லீடரிடம் அந்த வேலை போய்க் காவல் மட்டும் மிஞ்சியிருப்பது எனக்கு மெய்யாகவே வருத்தம். ஆசிரியரிடமிருந்து மாணவன் பெறுவது கால் பங்குதான், கூடப் படிப்பவர்களோடு பழகி இன்னொரு கால், மீதி அரைப் பங்கு பிறருக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் வருகிறது என்று நன்னூலின் பாயிரமே கணக்குச் சொல்கிறது. அந்த அரைப் பங்கைத்தான் நாம் கைவிட்டிருக்கிறோம்.

பிரம்பு குறைந்துவிட்டதே என்று சிலர் கேட்பார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை. மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, குறைந்த மதிப்பெண்ணை எல்லோர் முன்னும் வாசிப்பது, பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயரைப் போடுவது ஆகியவை பிரம்பின் இடத்துக்கு வந்திருக்கின்றன. கருவி மாறியிருக்கிறது. பிள்ளை கீழ்ப்படிவது இன்னமும் பயத்துக்குத்தான்.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்லியாக வேண்டும். கண்டிப்பு எல்லாமே பயம் கிடையாது. 1960களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் டயானா பாம்ரிண்ட் பெற்றோரின் வளர்ப்பு முறைகளை ஆராய்ந்தபோது, 'சொன்னால் கேள், ஏன் என்று கேட்காதே' என்பவர்களையும், எதையும் தடுக்காதவர்களையும் தவிர, மூன்றாவது ஒரு வகையினரைக் கண்டார். எதிர்பார்ப்பில் இறங்கி வரமாட்டார்கள். ஆனால் காரணம் சொல்வார்கள், பிள்ளையின் பேச்சையும் கேட்பார்கள். தன்மேல் நம்பிக்கையும் சுயக்கட்டுப்பாடும் கொண்ட பிள்ளைகள் இவர்கள் வீட்டில்தான் அதிகம் இருந்தார்கள். கண்டிப்பான பள்ளிகளிலும் இப்படிப்பட்ட ஆசிரியர்கள் இருக்கிறார்கள். குரலை உயர்த்தவே மாட்டார்கள், ஆனால் அவர்கள் வகுப்பில் யாரும் வீட்டுப்பாடத்தை விட மாட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு அப்படி ஒரு வகுப்பாசிரியர் கிடைத்தால் பள்ளியின் முறை பாதி மறந்துபோகும். கிடைப்பாரா என்பது உங்கள் கையில் இல்லை, அதுதான் சிக்கல்.

மாண்டிசோரி

மாண்டிசோரி என்றால் பிள்ளைகளை இஷ்டத்துக்கு விட்டுவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கீழ்ப்படிதலைப் பற்றி, இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரியைப்போல ஆழமாக யோசித்த ஆசிரியர்கள் மிகக் குறைவு. 1907இல் ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்ற ஏழைக் குடியிருப்பில் முதல் பள்ளியைத் தொடங்கிய அவர், 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். போர் மூண்டதால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். 1949இல் சென்னையில் வெளியான அவருடைய நூலில், பிள்ளையின் கீழ்ப்படிதல் மூன்று படிகளில் வளர்கிறது என்று விளக்குகிறார்.

முதல் படியில் பிள்ளை ஒரு நேரம் கேட்கும், ஒரு நேரம் கேட்காது. நாம் அதைப் பிடிவாதம் என்கிறோம். உண்மையில் தன் உடலையும் மனத்தையும் நினைத்தபடி நடத்தும் திறன் அதற்கு இன்னும் கைவரவில்லை. நேற்றுச் செய்ததை இன்று செய்ய முடியாமல் போவதும் அதனால்தான். இரண்டாம் படியில் எப்போது சொன்னாலும் செய்ய முடிகிறது. தன்னைக் கட்டுப்படுத்தப் பழகிவிட்டது. பெரும்பாலான பெற்றோரும் பள்ளிகளும் ஆசைப்படுவது இதற்குத்தான். மாண்டிசோரி இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது என்கிறார். அங்கே பிள்ளை தான் மதிக்கும் ஒருவர் சொல்வதைச் செய்ய ஆவலோடு காத்திருக்கிறது. அவர் வகுப்புகளில் நடந்த 'மௌன விளையாட்டு' இதைக் காட்டும். எல்லோரும் அசையாமல் உட்கார்ந்திருக்க, ஆசிரியர் தள்ளி நின்று ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார். பெயர் கேட்ட பிள்ளை நாற்காலிகூடச் சத்தம் போடாமல் எழுந்து அவரிடம் போகும். யாரும் மிரட்டாமல், பரிசும் இல்லாமல், மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள்.

இந்தப் படிகளை ஏற வைப்பது அறிவுரை கிடையாது, அங்கிருக்கும் பொருள்கள்தான். உருளைகளைக் குழிகளில் பொருத்தும் கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தவறாகப் பொருத்தினால் கடைசியில் ஓர் உருளை மிஞ்சும். 'தப்பு' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளிலும் வகுப்புக்கு ஒன்றுதான் இருக்கும். இன்னொரு பிள்ளை அதை எடுத்திருந்தால் காத்திருந்தே ஆக வேண்டும். மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரே வகுப்பில் கலந்து இருப்பதால் மூத்த பிள்ளைகளைப் பார்த்துச் சிறியவர்கள் பழகிக்கொள்கிறார்கள், மூத்தவர்கள் சிறியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நன்னூல் சொன்ன அரைப் பங்கு இங்கே தினமும் நடக்கிறது.

குறைகளும் உண்டு. கட்டணம் பல குடும்பங்களுக்கு எட்டாது. நல்ல பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் குறைவு. ஆறு வயதில் வழக்கமான பள்ளிக்கு மாறும்போது, எழுந்து நடப்பதற்குக்கூட அனுமதி கேட்க வேண்டியிருப்பது பிள்ளைக்கு அதிர்ச்சியாக இருக்கும். எல்லாவற்றையும்விட, மாண்டிசோரி என்ற பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். உள்ளே போனால் ஒரே வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ரைம்ஸ் ஒப்பிப்பார்கள், பொருள்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அப்படிப்பட்ட இடத்துக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

அரசுப் பள்ளி

இந்த வரிசையில் அரசுப் பள்ளியை ஏன் வைத்தேன் என்று சிலருக்குத் தோன்றலாம். தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள், கட்டளை கேட்டு நடக்கும் வகுப்பை மாற்றிப் பார்க்கப் பெரிய அளவில் முயன்றவை. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளி கிராமப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையைப் பின்பற்றி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007–08இல் அது மாநிலம் முழுக்கப் போனது. பிள்ளைகள் தரையில் குழுவாக உட்கார்ந்தார்கள். பாடம் அட்டைகளாகப் பிரிந்தது. பாடங்களின் வரிசையைக் காட்டும் ஏணிப்படி அட்டவணையில் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து, அடுத்த அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். வருகைப் பதிவையும் பிள்ளையே போடும். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் கரும்பலகையில் ஓர் இடம் இருந்தது. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பிரித்துப் பாடம் நடக்கிறது.

இங்கே பிள்ளை கீழ்ப்படிவது பெரும்பாலும் வேலையின் வரிசைக்கும் குழுவுக்கும். ஈராசிரியர் பள்ளிகளில் இது இன்னும் கண்கூடு. ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள் என்னும்போது, பார்க்க ஆள் இல்லாத நேரத்திலும் தானாக வேலை செய்யத் தெரிந்த பிள்ளைகளால்தான் பள்ளி ஓடும். நல்ல ஆசிரியர் அமைந்த சிறிய அரசுப் பள்ளியில் நான் பார்த்த பிள்ளைகள், விருந்தாளி வந்தால் கும்பலாக எழுந்து 'குட் மார்னிங்' பாடுவதில்லை. ஒருத்தர் வந்து, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ஆனால் இது ஆசிரியரைப் பொறுத்தே அமைகிறது. அட்டை கிழிந்துபோய், மதிப்பீட்டைச் செயலியில் பதிவேற்றுவதிலேயே நேரம் கரைந்து, ஆசிரியர் சோர்ந்துவிட்டால் அங்கே நடப்பது செயல்வழியும் இல்லை, கண்டிப்பும் இல்லை. தலைவர் சும்மா இருந்த அயோவாவின் மூன்றாவது குழுவாகிவிடும்.

மாணவர்களும் பெரியவர்களும் தலைக்கு ஒரு வாக்குப் போட்டு விதிகளை முடிவு செய்யும் சம்மர்ஹில் போன்ற பள்ளிகளும் உலகில் உண்டு. 1921இல் ஏ. எஸ். நீல் தொடங்கியது அது. நம் பக்கத்தில் அதற்கு நெருக்கமானவை மிகச் சிலவே என்பதால், பெரும்பாலோர் தேர்வுப் பட்டியலில் அதற்கு இடமே வராது.

குருவிடம் அனுப்பும்போது

மாலையில் பாட்டு, மிருதங்கம், சிலம்பம் என்று அனுப்பும் இடங்களுக்கு வேறு அளவுகோல் வேண்டும். சரளி வரிசையை நூறு முறை பாடு என்று குரு சொன்னால், ஏன் என்று ஆறு வயதில் விளக்கிப் புரியவைக்க முடியாது. கம்பைச் சுழற்றும்போது 'நில்' என்றால் அந்த நொடியே நின்றாக வேண்டும். கலை கேட்கும் கீழ்ப்படிதல் இது. குருவே அந்தக் கலைக்குக் கட்டுப்பட்டிருப்பதைப் பிள்ளை பார்க்கிறது. அதனால் மனம் குறுகுவதில்லை.

அங்கேயும் எல்லை உண்டு. மாணவன் ஆசிரியரை வழிபடும் முறையைச் சொல்லும் நன்னூல் சூத்திரம், "அழலின் நீங்கான் அணுகான் அஞ்சி, நிழலின் நீங்கான்" என்கிறது. குளிர்காய்பவன் தீயை விட்டு விலகாமலும் நெருங்கிவிடாமலும் இருப்பதுபோல் இருக்க வேண்டும். ஆசிரியர் எதில் மகிழ்வாரோ அதைச் செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அதே மூச்சில் "அறத்தின் திரியாப் படர்ச்சி" என்று வரம்பு போடுகிறார் நன்னூலை எழுதிய பவணந்தி முனிவர். அறத்திலிருந்து விலகாத நடத்தைதான் வழிபாடு. பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இந்த நிபந்தனை எழுதப்பட்டிருக்க, பெரியவர் என்ன சொன்னாலும் கேட்க வேண்டும் என்று பிள்ளைக்குக் கற்றுத்தருவதை நம் மரபு என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையில், சாதாரண மனிதர்களுக்கு 'ஆசிரியர்' வேடம் கொடுத்து, தவறான பதில் சொல்பவருக்கு மின்சார அதிர்ச்சி தரச் சொன்னார்கள். அதிர்ச்சி உண்மையானதல்ல, ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது. அவர் வெளியிட்ட முதல் ஆய்வில் 40 பேரில் 26 பேர், அதிகாரி தொடரச் சொன்ன ஒரே காரணத்துக்காகக் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். வளர்ந்தவர்களுக்கே மறுப்பது இவ்வளவு கடினம் என்றால், எந்தப் பெரியவரிடமும் 'மாட்டேன்' சொல்லிப் பழகாத பிள்ளை, தன்னைத் தவறாகத் தொடும் பெரியவரிடம் எப்படிச் சொல்லும்? வீட்டில் வந்து எப்படிச் சொல்லும்? குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்ணை மனப்பாடம் செய்ய வைப்பதோடு, மறுத்துப் பேசவும் இடம் கொடுத்திருக்க வேண்டும். எதிர்த்துப் பேசினாலே தண்டனை என்ற பள்ளியை நான் எந்தப் பிள்ளைக்கும் பரிந்துரைக்க மாட்டேன், அதன் பொதுத்தேர்வு முடிவுகள் எப்படி இருந்தாலும்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது?

மூன்று முதல் ஆறு வயதுவரை, கைக்கு எட்டுமானால் உண்மையான மாண்டிசோரி. எட்டாவிட்டால் கண்டிப்பான எல்கேஜிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதைவிட, விளையாட விடும் அங்கன்வாடியோ தெருவிலுள்ள சிறிய பால்வாடியோ மேல். அந்த வயதில் பிள்ளை முதல் படியில்தான் இருக்கிறது. அதனால் இன்னும் முடியாததைப் பயமுறுத்தி வரவழைக்கப் பார்ப்பது வீண்.

ஆறு முதல் பத்துவரை, ஒரு பிரிவில் நாற்பத்தைந்து பேர் உள்ள தனியார் பள்ளியைவிட, நல்ல ஆசிரியர் இருக்கும் பக்கத்து அரசுப் பள்ளியை நான் தேர்ந்தெடுப்பேன். ஆங்கிலம் பற்றிய கவலை புரிகிறது. அதை வீட்டிலும் பிறகும் ஈடுகட்ட முடியும். யாராவது சொன்னால்தான் வேலை செய்வது என்ற பழக்கம் ஊறிவிட்டால், பதினோராம் வகுப்பில் யாரும் பின்னால் நிற்காதபோது அதை ஈடுகட்டுவது கடினம்.

பிள்ளையின் இயல்பையும் பாருங்கள். துறுதுறுவென்று இருக்கும் பையனைத் 'திருத்த' கண்டிப்பான பள்ளியில் போடுகிறார்கள். அவன் பெயர் தினமும் கரும்பலகையில் ஏறும், கடைசியில் அதுவே அவன் அடையாளமாகிவிடும். அவனுக்கு எழுந்து நடமாடவும் கையால் செய்யவும் இடமுள்ள வகுப்பு வேண்டும். பயந்த சுபாவமுள்ள பிள்ளைதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. கண்டிப்பான பள்ளியில் அது நல்ல பெயர் வாங்கும், மதிப்பெண்ணும் வாங்கும். அதனால் அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

வேறு வழியில்லாமல் கண்டிப்பான பள்ளிதான் என்றால், அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். வீட்டில் ஈடுகட்டலாம். எந்த உடையை உடுத்துவது, எந்தப் பாடத்தை முதலில் முடிப்பது என்பதைப் பிள்ளையிடம் விடுங்கள். ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவுவரை அதன் பொறுப்பில் கொடுங்கள். 'மிஸ்கிட்ட சொல்லிடுவேன்' என்று வீட்டில் மிரட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள்.

பள்ளிக்குப் போய்ப் பார்க்கும்போது, வகுப்பு நடக்கும் நேரத்தில் போங்கள். ஆசிரியர் உங்களோடு பேச வெளியே வரும்போது அவருக்குப் பின்னால் வகுப்பில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். அப்புறம் அவரிடம் இதைக் கேளுங்கள்: "ஒரு பிள்ளை 'எனக்கு இது வேணாம் மிஸ்'னு சொன்னா என்ன பண்ணுவீங்க?" 'இங்க யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க' என்றால் வேறு பள்ளி பார்க்கலாம். 'சரி, விட்ருவேன்' என்றாலும் யோசிக்க வேண்டும். 'ஏன்னு கேப்பேன்' என்று ஒருவர் சொன்னால், கட்டணம் தாங்குமா என்று கணக்குப் போடத் தொடங்கலாம்.